கோடைக்கானல் பிரயாணத் திட்டம்: ஒரு பிரமாண விசாரம்

கோடைக்கானலுக்குப் போவதென்று ஒரு குடும்பத்தில் தீர்மானமான மாத்திரத்தில், கம்பளிக் குல்லாய் எத்தனை, புளியோதரை எவ்வளவு, கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழம் யார் கையில் இருப்பது, ஜன்னலோரம் யாருக்கு என்னும் கிளைவிஷயங்களெல்லாம் இரவு பகலாக விவாதிக்கப்பட்டு முடிவாகிவிடுகின்றன. ஆனால், அங்கே போய் எதைக் காணப்போகிறோம், கண்டோம் என்பதற்கு என்ன பிரமாணம் என்ற மூலவினாவை எவரும் எழுப்புவதில்லை. அக்குறையை நீக்குவதே இந்த ஆராய்ச்சியின் நோக்கம்.

பிரத்தியட்சம், அநுமானம், உபமானம், சப்தம் என அறிவுக்கு நான்கு வாயில்களை வகுத்தனர் நம் தார்க்கிகர்கள். இவற்றுள் உபமானத்தை, “ஊட்டி மாதிரி வராது” என்று எங்கே போனாலும் சொல்லும் உறவினருக்கே விட்டுவிடலாம். மற்ற மூன்றும் மலைமேல் படும் பாடுதான் கவனிக்கத் தக்கது.

முதலில் ஏரி. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-இல் ஓடையை அணையிட்டுத் தேக்கிய சுமார் 60 ஏக்கர் நீர்ப்பரப்பு அது. தண்ணீர் பிரத்தியட்சம், படகுக் கட்டணம் அதனினும் பிரத்தியட்சம். ஆனால் ஏரி நட்சத்திர வடிவானது என்று உலகமே சொல்லுகிறதே, அதைக் கரையில் நின்று கண்டவர் உண்டா? சுற்றுச்சாலையின் ஐந்து கிலோமீட்டரையும் நடந்து தீர்த்தவருக்கும் வளைவுக்குப் பின் வளைவு தென்படுமேயன்றி நட்சத்திரம் தென்படாது. மேட்டிலேறிக் கீழே நோக்கினாலன்றி அது வெறும் சப்தப் பிரமாணமே.

தூண் பாறைக்கு வருங்கால் விஷயம் முற்றுகிறது. ஏறக்குறைய 400 அடி உயரமாக மூன்று கருங்கற் பாறைகள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன என்பது சாஸ்திரம். போய்ப் பார்த்தால், கம்பிவேலிக்கு அப்பால் வெள்ளைத் திரை ஒன்றே விரிந்திருக்கிறது. “அந்தப் பக்கம் பாருங்க சார், அங்கதான் இருக்கு” என்று வேன்காரர் கைகாட்டுகிறார்; இது சப்தம். இத்தனை பேர் நிற்பதால் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று நாம் கொள்வது அநுமானம். எங்கோ ஒரு குரல், “தெரியுது, தெரியுது!” என்று கூவ, மிளகாய்ப்பொடி தடவிய மக்காச்சோளத்துக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த குடும்பத் தலைவர் திரும்புவதற்குள் திரை மூடிவிடுகிறது.

இதற்குக் காரணம் தெய்வ சோதனையன்று. வெயில் ஏற ஏறச் சமவெளியின் ஈரக்காற்று சரிவைத் தழுவி மேலெழுந்து, சுமார் 7,000 அடி உயரத்தில் குளிர்ந்து மேகமாகிறது. ஆகவே காலையில் பெரும்பாலும் தெளிவு, பிற்பகலில் பெரும்பாலும் மூட்டம். இதை அறியாத பட்டியல்வாதிகள், பன்னிரண்டு ‘பாயிண்டு’களை ஒரே நாளில் முடிக்கும் ஆவேசத்தில், காலை டிபனை நிதானமாக முடித்துப் பூங்காவில் டேலியாப் பூக்களோடு படமெடுத்துக்கொண்டு, தூண் பாறையை மூன்று மணிக்கு வைக்கிறார்கள். 2024 மே முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் விதித்திருக்கிறார்கள்; மேகத்துக்கு அது கிடையாது.

இதே மலையில் 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம் தோன்றியது; அங்கிருந்துகொண்டு எவர்ஷெட் என்பார், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் கண்டறிந்தார். பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளது பிரத்தியட்சமாயிற்று. வேலிக்கு எதிரிலுள்ள பாறை ஆகவில்லை! அவர் அங்கேயே குடியிருந்தார், மூடிய நாளில் மறுநாளுக்குக் காத்திருந்தார் என்பதே இதற்கு நான் காணும் சமாதானம். ஆகவே சித்தாந்தம் இது: திட்டத்தில் இரண்டு முற்பகல்களை எழுதாமல் வெறுமையாக விட்டுவைக்கவேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூப்பதும், 2018-இல் பூத்ததுமான குறிஞ்சிக்கோவெனில் 2030 வரையில் விடவேண்டும். அவ்வளவு லீவு யார் தருவார்?

பூர்வபட்சிகள் இறுதியாக ஆல்பத்தைக் கொண்டுவந்து வைப்பர். அதில் குல்லாயணிந்த எழுவர், முழு வெண்மையின் முன்னே வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். புரட்டினால் பின்புறம் நீலமையில், “தூண் பாறை, கோடைக்கானல்” என்று பெரியப்பாவின் கையெழுத்து. இதைப் பிரத்தியட்சத்தில் சேர்ப்பதா சப்தத்தில் சேர்ப்பதா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் அபிப்பிராய பேதம் இருக்கிறது.