விறகில்லாத விருந்து

கல்யாண வீட்டுக் கணக்கை இப்படி எழுதிப் பாருங்கள். சமையல்காரர் பத்துப் பேர், அண்டா பதினைந்து, பந்தியில் ஆயிரம் பேர். விறகு? அந்தப் பத்தியே நோட்டில் கிடையாது. பிறகு சோறு எப்படி வெந்தது என்று எவனாவது கேட்டால், 'சமையற்கலையின் முன்னேற்றம்' என்று போட்டுவிடுங்கள். நீங்களும் பொருளாதார மேதைதான்.

மிகையில்லை. 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் விளைச்சல் இரட்டித்ததை 1957-இல் பொருளியலாளர் ராபர்ட் சோலோ அலசினார். மூலதனம் பெருகியது அதில் எட்டில் ஒரு பங்கைத்தான் விளக்கியது. மிச்சம் ஏழு பங்கும் 'தொழில்நுட்ப மாற்றம்'. அவராவது அது ஒரு சுருக்கப்பெயர்தான் என்று ஒப்புக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் அதைக் கருவறையில் வைத்துப் பூசை போட்டார்கள். குதிரை போய் டிராக்டர் வந்ததும், ஆலைக்குள் மின்மோட்டார் புகுந்ததும், அவற்றுக்காக எரிந்த கரியும் எண்ணெயும் அந்தப் புகையில் மறைந்தன.

முழுப் பூசணிக்காயைச் சோற்றிலிருந்து தோண்டியெடுத்தவர், இயற்பியல் படித்துவிட்டு இந்தப் பந்திக்கு வந்த ராபர்ட் அயர்ஸ். 1969-இல் பொருளியலாளர் ஆலன் நீஸுடன் சேர்ந்து அவர் சொன்னது பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்தது: பொருள் அழிவதில்லை. நீங்கள் 'நுகர்ந்த' நிலக்கரி, புகையாகவும் சாம்பலாகவும் எங்கோ இறங்கியே தீரும். அதற்குப் பொருளியலார் வைத்த செல்லப்பெயர் 'புறவிளைவு'. யாருக்கய்யா புறம்? சாம்பல் விழும் ஊர்க்காரனுக்கு நுரையீரல் உடம்புக்கு உள்ளேதானே இருக்கிறது!

பிறகு சக ஆய்வாளர் பெஞ்சமின் வாருடன் அயர்ஸ் போட்டது இன்னொரு கணக்கு. எரிந்தது எவ்வளவு என்பதோடு நிற்காமல், அதில் எவ்வளவு உருப்படியான வேலையாக மாறியது என்று அளந்தார்கள்; உழவுக் குதிரை தின்ற தீவனத்தைக்கூட விடவில்லை. மூலதனம், உழைப்பு ஆகியவற்றோடு அந்த வேலையையும் சேர்த்தபோது, இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் வளர்ச்சி 1970-களின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய முழுதாக விளங்கியது. மர்ம மிச்சம் கரைந்தது.

பொருளியல் மடாதிபதிகளிடம் பதில் தயாராக இருந்தது: எரிபொருளுக்குப் போவது மொத்தச் செலவில் சுமார் 5 சதவீதம், ஆகவே அதன் முக்கியத்துவமும் 5 சதவீதம். அதாவது விறகுக்குக் கொடுத்த காசு கொஞ்சம் என்பதால், விறகே இல்லாவிட்டாலும் சோறு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வெந்துவிடும்! இந்த வேகாத அரிசியைத்தான் அரசுகளுக்கு ஆலோசனையாகப் பரிமாறுகிறார்கள். வயிற்றுவலி மட்டும் நமக்கு.

சோலோவுக்கு 1987-இல் நோபல் நினைவுப் பரிசு. அயர்ஸ் 2023-இல் காலமானார். பொருளியல் பாடப்புத்தகத்தின் வளர்ச்சி அத்தியாயத்தில் பெரும்பாலும் இன்றும் இரண்டே உள்ளீடுகள்: மூலதனத்துக்கு 'கே', உழைப்புக்கு 'எல்'.