பொங்கல் கோலப் போட்டிகளில் நடுவர் எழுப்பும் ‘ம்’ ஒலியின் கால அளவும் எவர்சில்வர் குடம் சென்று சேரும் திசையும்: உத்திரமேரூர் வட்டார முன்னாய்வு

முதல் பரிசான எவர்சில்வர் குடம் ஆண்டுதோறும் ஏன் மேலத் தெருவுக்கே போகிறது என்ற வினா தமிழாய்வுலகில் உரிய கவனம் பெறவில்லை. உத்திரமேரூர்ப் பக்கம் குடத்தை ஆராய வந்தவர்கள் எல்லாரும் குடவோலையோடு நின்றுவிட்டார்கள். அந்தப் பெருங்குறையைக் களையவே இக்கட்டுரை எழுந்தது.

இயல் 1: களம்

உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ் போகும் ஒரு கிராமம். பெயரைச் சொன்னால் அடுத்த பொங்கலுக்கு ஆய்வாளர் அங்கே கால் வைக்க முடியாது. முதல் பரிசு குடம், இரண்டாம் பரிசு டிபன் கேரியர், மூன்றாம் பரிசு ஹாட்பாக்ஸ், கலந்துகொண்ட மற்றவர்களுக்கு ஆளுக்கொரு சோப்பு டப்பா. நடுவர் மூவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், குடத்தை அன்பளிப்பாகத் தந்த பாத்திரக் கடைக்காரர், வெளியூரிலிருந்து வந்த அம்மையார் ஒருவர். வெளியூர் அவருக்கு வாக்கப்பட்ட ஊர். பிறந்தது இதே மேலத் தெருவில் (ஆதாரம்: பால்காரர், வாய்மொழி).

இயல் 2: பனிக்கட்டியின் மேல் முன்னோர் செய்தவை

கோலப் போட்டிக்கு மிக நெருங்கிய உலக விளையாட்டு ஃபிகர் ஸ்கேட்டிங். இரண்டிலும் தரையில் கோடு இழுக்கிறார்கள், நடுவர் மார்க் போடுகிறார், தோற்றவரின் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் ஜோடிப் பிரிவில் ரஷ்யாவின் பெரெஸ்னயா, சிகாருலிட்ஸே ஜோடி, இறங்கும்போது தடுமாறியும், கனடாவின் சாலே, பெல்டியே ஜோடியை நடுவர்களில் ஐந்துக்கு நான்கு என்று வென்றது. தம் நாட்டுச் சங்கத் தலைவர் நெருக்கினார் என்றார் பிரெஞ்சு நடுவர் மரி-ரெய்ன் லெ கூன்யே. பிறகு பேச்சை மாற்றினார். கனடியர்களுக்கும் ஒரு தங்கம் கொடுத்துப் பஞ்சாயத்தை முடித்தார்கள். நம் ஊரில் இதற்கு ‘சிறப்புப் பரிசு’ என்று பெயர். அழுகிற வீட்டுக்கு அனுப்பப்படும்.

2004இல் புதிய மதிப்பெண் முறை வந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் அடிப்படை மதிப்பு, அதன் மேல் தர மார்க், அதில் உச்ச மார்க்கையும் அடிமார்க்கையும் கழித்துவிட்டுச் சராசரி. இந்த முறையை நம் களத்தில் பொருத்திப் பார்த்தோம். மூன்று நடுவரில் உச்சத்தையும் அடியையும் கழித்தால் மிஞ்சுபவர் ஒருவரே. பெரும்பாலும் அவர் பாத்திரக் கடைக்காரர்.

நடுவர்கள் நெருக்கடியில்லாமல் நடக்கட்டும் என்று யார் எந்த மார்க் போட்டார் என்பதையும் சில காலம் மறைத்து வைத்தார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் எரிக் ஸிட்ஸெவிட்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். மறைத்த பிறகு சொந்த நாட்டுப் பாசம் குறையவில்லை, கூடியிருந்தது. 2016இல் அந்தத் திரையை விலக்கிவிட்டார்கள். ஸிட்ஸெவிட்ஸே இன்னொன்றும் கண்டார். பனிச்சறுக்குத் தாண்டலில் ஒரு நடுவர் தன் நாட்டுக்காரருக்கு அள்ளிக் கொடுத்தால் மற்ற நடுவர்கள் கிள்ளிக் குறைத்து ஈடுகட்டுகிறார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்கிலோ கூடச் சேர்ந்து தாங்களும் கொடுக்கிறார்கள். நம் களம் இதில் இரண்டாம் வகை என்பது வெள்ளிடைமலை.

இயல் 3: ரசிகர் வகை

தாய்வீட்டு ரசிகர், தெரு ரசிகர், மகளிர் குழுத் தலைவியின் கோலத்தை அடுத்த கடன் தவணை வரை ரசிப்பவர். ஜப்பானின் யுசுரு ஹன்யூ போட்டிகளில் இருந்த காலத்தில், அவர் ஆடி முடித்ததும் ரசிகர்கள் பனித்தளத்தில் ‘வின்னி-த-பூ’ கரடி பொம்மைகளை மழையாகப் பொழிந்தார்கள். நம் ரசிகர்கள் எதையும் எறிவதில்லை. எதிர்த் தெருக் கோலத்தின் மேல் கோழி நடந்து போவதைப் பார்த்தும் பார்க்காமல் இருப்பார்கள். நடுநிலை ரசிகர்: கிடைக்கவில்லை.

இயல் 4: ‘ம்’

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்கிறது இலக்கணம். கண் இமைக்கும் பொழுதில் பாதி. இலக்கணம் வழுவாத இந்த அரை மாத்திரை ‘ம்’ பெற்ற கோலம் எதுவும் சோப்பு டப்பாவுக்கு மேல் போனதில்லை (பெரியம்மா, *திண்ணையுரை*).

ஒரு மாத்திரை ‘ம்’ தலையாட்டலோடு வரும், ஹாட்பாக்ஸ். இரண்டு மாத்திரைக்கு இழுத்து, நடுவில் ஏறி, கடைசியில் கேள்வியாக முடிவது மூன்றாம் வகை. இது யார் வீட்டுக் கோலம் என்று யாராவது காதோடு சொல்லும் வரை நடுவர் வாங்கும் அவகாசம் அது (பெரியம்மா, *திண்ணையுரை*, திருத்திய இரண்டாம் பதிப்பு, இடையில் என் அம்மா வந்து உட்கார்ந்ததால் முதல் பதிப்பின் சில பகுதிகள் நீக்கப்பட்டன). நான்காவது, மூன்று மாத்திரையைத் தாண்டிய ‘ம்ம்ம்’. குடம் இதற்குத்தான். இங்கே ஆய்வாளர் கண்டறிந்த அரிய உண்மை ஒன்றுண்டு: நான்காம் வகை ‘ம்’ எழும்போது நடுவரின் கண் தரையில் இருப்பதில்லை, வாசற்படியில் இருக்கிறது. முதலில் வீடு, பிறகு ‘ம்’, அதன் பிறகே கோலம்.

இதனால் பெரிதும் பாதிக்கப்படுவது சிக்குக் கோலம். ஊடுபுள்ளி வைத்து, கம்பி எங்கும் அறாமல், கை நடுங்காமல் இழுத்து முடித்த கீழத் தெருப் பாட்டிக்கு அரை மாத்திரை. பக்கத்திலேயே கலர் பொடியைக் கொட்டி மயில் வரைந்து, மயிலின் கழுத்தில் ‘மரம் வளர்ப்போம்’ என்று எழுதிய ரங்கோலிக்கு மூன்று. மார்க் தாளில் ‘கருத்து’ என்று தனிக்கட்டம் இருப்பதே காரணம். ஃபிகர் ஸ்கேட்டிங்கிலும் தாவலுக்கு ஒரு கணக்கு, வெளிப்பாட்டுக்கு இன்னொரு கணக்கு என்று வைத்திருக்கிறார்கள். பேர் பெற்றவர்களின் மார்க் அந்த இரண்டாவது கணக்கில்தான் ஊறுகிறது என்பது பழைய புகார்.

‘ம்’ நீள்வது தை மாதப் பனியால் தொண்டை கட்டிக்கொள்வதால்தான் என்பது மேலத் தெருப் பள்ளியின் கொள்கை. அப்படியானால் தொண்டை ஏன் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் சரியாகிவிடுகிறது என்று கேட்கிறது கீழத் தெருப் பள்ளி (டீக்கடை பெஞ்ச், இடப்பக்கம், மேற்கோளுக்குள் மேற்கோள், சொன்னவர் திடீரென எழுந்ததும் மறுமுனையில் இருந்தவர் சாய்ந்துவிட்டதால் தொடர்ச்சி கிடைக்கவில்லை. இதை மறுப்பது: சலூன் நாற்காலி, கண்ணாடிக்கு எதிரே, பாதிச் சவரத்தில். மறுப்பை மறுப்பது: அதே நாற்காலி, அதே நபர், முழுச் சவரத்துக்குப் பின்). இரு பள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரம், தொல்காப்பியர் காலத்தைக் கணித்த அறிஞர்களுக்குள் இருப்பதைவிடக் குறைவு என்பது ஆறுதல்.

ஒப்பீட்டுக்காக முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் எழுப்பும் ‘ம்’மையும் அளந்தோம். அது எப்போதும் நான்காம் வகைதான். நெறியாளர் கொடுத்த பட்டியலிலிருந்து அவர் வருகிறார். அவருடைய மாணவருக்குத் தேர்வாளராக நெறியாளர் போகிறார். பனிக்கட்டி உலகில் இதற்குப் பெயர் ஓட்டுப் பண்டமாற்று, தண்டனை உண்டு. நம்மிடம் பயணப்படி உண்டு.

இயல் 5: கல்வெட்டுத் தீர்வு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை விதிகள் 919இலும் 921இலும் வெட்டப்பட்டன. மேடைக்கு மேடை ‘ஜனநாயகம்’ என்று முழங்குவோர் அந்தச் சொல்லோடு இறங்கிவிடுகிறார்கள். சுவரில் மேலும் எழுதியிருக்கிறது. சொந்த நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவன் பெயர் குடத்துக்குள் போகாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது. அவனுடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமனார், மருமகன் எவரும் நிற்க முடியாது. உறவு என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம். இரண்டே ஆண்டில் திருத்தவும் வேண்டியிருந்தது.

அந்த உறவுப் பட்டியலை நம் நடுவர் குழுவுக்குப் பொருத்தினோம். மூவரும் விழுந்தார்கள். ஊரையே சலித்ததில் மிஞ்சியவர், மைக் செட் போட வந்த மதுராந்தகத்து இளைஞர் ஒருவர். அவருக்கும் மேலத் தெருவில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே நடுவரே வேண்டாம், குலுக்கலே போதும் என்று ஆய்வாளர் பரிந்துரைத்தார். செலவு மிச்சமாகட்டும் என்று பரிசுக் குடத்தையே ஓலைக் குடமாக்கினோம். சீட்டெடுக்க, கல்வெட்டு சொல்கிறபடி, விவரமறியாச் சிறுவன் ஒருவன் அங்கன்வாடியிலிருந்து வந்தான். சீட்டை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க மத்தியஸ்தர் ஒருவரும் தயார். உள்ளே ஏதும் இல்லை என்று சபையறியக் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினோம். உள்ளே ஏதும் இல்லைதான். வெளியே கழுத்துப் பட்டையில், வெற்றி பெற்றவரின் பெயர் இனிஷியலோடு ஏற்கனவே வெட்டியிருந்தது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவது இலவசமாம்.