வாளின் ஜாதகம்

கேள்வி: ஜப்பானிய ராணுவ வாள் எங்கே பிறந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பளபளக்கும் பகுதி பெரும்பாலும் வாயே திறக்காது. மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றுங்கள். உள்ளே துருவேறிய இரும்பில்தான் ஜாதகம் இருக்கிறது. 'செகி' முத்திரை என்றால் கிஃபு மாகாணத்து செகி நகரச் சரக்கு. அநேகமாகப் போர்க்காலப் பேரளவு உற்பத்தி. நட்சத்திரம் என்றால் ராணுவம் அங்கீகரித்த கொல்லர் பழைய முறையில் அடித்தது. விலையைக் கேட்டு மயங்காதீர்கள். நங்கூரம் கடற்படை. 1935-இல் வந்த சார்ஜென்ட் வாளுக்கு இந்தச் சிரமமே இல்லை: அலகிலேயே வரிசை எண் குத்தியிருக்கும், பிடியோ, நாடா சுற்றியதுபோல் பெயின்ட் அடித்த உலோக வார்ப்பு! தயவுசெய்து பிடிக்குள் இருக்கும் அந்தத் துருவைக் குத்துவிளக்குபோலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். வயதைச் சொல்லும் சாட்சியே அதுதான்.