இனிமேதான் கதையே ஆரம்பம்

ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம் பைத்தியத்திடம் "போர் அடிக்குது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கோபப்பட மாட்டான். வயிற்று வலிக்காரனை விசாரிக்கும் டாக்டர் மாதிரி நிதானமாக ஒன்றே ஒன்று கேட்பான்: "எத்தனை மணி நேரம் ஆச்சு?" நீங்கள் என்ன கணக்குச் சொன்னாலும் அது போதாது. "பத்துதானா? அண்ணே, இனிமேதான் கதையே ஆரம்பம்!"

2009-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 13-ஐ இவன் பேச்சைக் கேட்டுத்தான் தொட்டேன். மொத்தம் 13 அத்தியாயம். முதல் பத்தும் கிட்டத்தட்ட ஒரே நடைபாதை. நேரே நட, அடி, படம் பார், மறுபடி நேரே நட. அடிப்பதற்கும் மெனக்கெட வேண்டாம், 'ஆட்டோ பேட்டில்' என்று ஒன்று இருக்கிறது, அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். பதினோராவதில்தான் கிரான் பல்ஸ் என்ற பெரிய வெளி திறக்கிறது. இதைக் குறையாகச் சொன்னால் நம்மாள் முகம் மலர்ந்துவிடும். "அதைத்தாண்ணே நானும் சொல்றேன், கிரான் பல்ஸ் வரட்டும்!"

சரி, வேறு ஏதாவது கொடு என்றால் பெர்சோனா 5. அதில் ஹீரோ பள்ளிக்கூடம் போகிறான், பரீட்சை எழுதுகிறான், பகுதி நேர வேலை பார்க்கிறான். ராத்திரி எங்காவது கிளம்பலாம் என்று பார்த்தால் மோர்கானா என்ற பூனை வந்து படுக்கச் சொல்கிறது. நாள் பூராவும் ஆபீஸில் பிறர் சொன்னதைச் செய்துவிட்டு வந்தவனைப் பூனையும் அதட்டுகிறது. "அந்தப் பூனைதாண்ணே ஹைலைட்!"

கிடைத்த எலிக்ஸர் மருந்தையெல்லாம் பின்னால் உதவும் என்று கடைசிவரை தொடாமல் வைத்திருப்பது, ஜப்பானியக் குரல்தான் கேட்க வேண்டும் என்று சண்டை பிடிப்பது எல்லாம் இருக்கிறது. அதை விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான் பாருங்கள், அதுதான் தாங்காது. 1997-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 மூன்று டிஸ்க். முதல் டிஸ்க் முடியும் தறுவாயில் ஏரித் என்ற பெண் கொல்லப்படுகிறாள். உலகத்துக்கே தெரிந்த ரகசியம். இவன் டிவியைப் பார்க்கவில்லை, என் மூஞ்சியையே பார்க்கிறான், கண்ணீர் வருகிறதா என்று. எனக்கு வரவில்லை. இசையமைப்பாளர் நோபுவோ உவேமாட்சுவின் பியானோ ஆரம்பித்ததும் மூக்கை உறிஞ்சியது அவன்தான். மனப்பாடமாகத் தெரிந்த சாவுக்கு இப்படி அழ முடிகிறவனை எப்படித் திட்டுவது?

அதே ஆட்டத்தின் கடைசி வில்லன் செஃபிரோத் 'சூப்பர்நோவா' என்றொரு அஸ்திரம் விடுவான். ஒரு நெருப்புக் கோளம் சனியையும் வியாழனையும் பதம் பார்த்துவிட்டுச் சூரியனில் போய் விழ, சூரியன் ஊதிப் பெருத்துப் புதனையும் வெள்ளியையும் விழுங்குகிறது. குருப்பெயர்ச்சியும் சனிப்பெயர்ச்சியும் நிரந்தரமாக ரத்து. ஏறக்குறைய இரண்டு நிமிடம், தாண்டவும் வழியில்லை. இவ்வளவும் முடிந்து பார்த்தால் நம் ஆட்கள் தெம்பெல்லாம் போய், ஆனாலும் சாகாமல் அப்படியே நிற்கிறார்கள். மருந்து கொடுத்துத் தேற்றினால் அவன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறான். "செமல்ல?"

பிள்ளை தூங்கியபின் எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதில் பாதி, போன வாரம் எந்த ஊரில் யாரைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று யோசிப்பதிலேயே போய்விடுகிறது. இது அவனுக்கு உறைப்பதே இல்லை. எனக்கு என்ன பிடிக்கும் என்று இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. அரை மணியில் முடிகிற ஆட்டமாக ஒன்று சொல்லுடா என்று கெஞ்சினேன். 'சோரா நோ கிசெகி' என்றான். அதில் 2004-இல் தொடங்கிய தொடர், பத்துப் பாகத்தைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. முதல் பாகம் முடியும் இடத்தில் கதை அந்தரத்தில் நிற்குமாம்.

"கவலைப்படாதீங்கண்ணே, ரெண்டாவதையும் சேர்த்து இறக்கி வச்சுட்டேன்."

என் லேப்டாப்பில். இடம் போதவில்லை என்று பிள்ளையின் பிறந்தநாள் வீடியோக்களைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு.