வாரண்டி சார்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்தாலும் பிளாக்குக்கு ஒருவர் இப்படி இருப்பார். ஓய்வு பெற்றவர், பெரும்பாலும் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், எந்த ரசீதையும் கிழித்துப் போட்டறியாதவர். மிக்ஸி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருக்கும். அதன் வாரண்டி அட்டை மட்டும் லாமினேஷன் போட்டு பீரோவில் இருக்கும். கடைகளில் தரும் பில் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸுக்கும் ஒரு ஜெராக்ஸ் வைத்திருப்பார்.

இப்படிப்பட்டவர் பழைய கார் வாங்கக் கிளம்பினால் எப்படி இருக்கும்?

ஒன்பது வயது டீசல் கார். "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி, கம்பெனி சர்வீஸ்" என்றார் புரோக்கர். தமிழ்நாட்டில் விலைக்கு வரும் பழைய வண்டிகளில் பாதிக்கு டாக்டர்தான் முதல் ஓனர். இத்தனை வண்டிகளைக் கட்டி மேய்த்தவர்கள் நோயாளியை எப்போது பார்த்தார்களோ தெரியவில்லை. வாரண்டி சார் தன் பங்குக்கு ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போயிருந்தார். அவர் என்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார். உள்ளிருந்து புகை குப்குப்பென்று வருகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். டிப்ஸ்டிக்கை உருவி, விரலில் தேய்த்து, முகர்ந்தார். கடைசியில் டிரைவர் பக்கம் குனிந்து கிளட்ச் பெடலைத் தடவிவிட்டு எழுந்தார்.

"சார், மீட்டர் எண்பத்தஞ்சாயிரம்னு சொல்லுது. பெடல் ரப்பர் ரெண்டு லட்சம்னு சொல்லுது. நான் ரப்பரைத்தான் நம்புவேன்."

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே திரும்பியிருப்பார்கள். வாரண்டி சார் திரும்பாததற்குக் காரணம், ஷோரூம் மூலையில் டை கட்டிய ஒரு பையன் கையில் வாரண்டி கையேட்டோடு நின்றிருந்ததுதான். பன்னிரண்டு மாதம் அல்லது 15,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. கட்டணம் 14,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 16,520.

"என்ஜின் கவர் ஆகுமா தம்பி?"

"ஆகும் சார்."

"கியர்பாக்ஸ்?"

"அதுவும் ஆகும் சார்."

சார் கையெழுத்துப் போட்டார். மெக்கானிக் பீடி பற்ற வைக்க வெளியே போய்விட்டார்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தை 1970-லேயே ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். பழைய கார் விற்பவனுக்கு வண்டியின் நோய் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் சந்தையே கெடுகிறது. இதற்கு மருந்தாக வந்தவற்றில் வாரண்டியும் ஒன்று என்றார். மூன்று பத்திரிகைகள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின, அவற்றில் இரண்டு இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்று. 2001-இல் அதே வேலைக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாரண்டி சாருக்கு இந்தக் கதை தெரிந்தால் நிச்சயம் லாமினேட் செய்துகொள்வார். ஆனால் அகர்லாஃப் சொன்ன மருந்து, விற்பவன் தன் சரக்கை நம்பித் தானே பொறுப்பேற்பது. தனிக் காசு வாங்கிக்கொண்டு விற்கும்போது அந்த மருந்தும் இன்னொரு சரக்காகிவிடுகிறது. அதன் நோயும் விற்பவனுக்குத்தான் தெரியும்.

கையேட்டை சார் படித்தது அன்றிரவு, பணம் கட்டிய பிறகு. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் ஃபைலில் ஓட்டை கண்டுபிடித்தவர்தான். தன் ஃபைல் என்றால் மட்டும் பிற்பாடு. என்ஜினிலும் கியர்பாக்ஸிலும் ஆயிலில் நனையும் உள்பாகங்களுக்கு வாரண்டி உண்டு. கிளட்ச், பிரேக் பேட், பேட்டரி, டயர், பெல்ட், ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ் எதற்கும் கிடையாது. அதெல்லாம் தேய்மானம். லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியில் எவையெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு போகுமோ, அவற்றையெல்லாம் யாரோ விவரம் தெரிந்தவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதி வைத்த பட்டியல் அது.

நாலாவது மாதம் திண்டிவனம் தாண்டி வண்டி கொதித்து நின்றது. சர்வீஸ் சென்டரில் அட்வைசர் பையன் டேப்லெட்டைத் தடவிக்கொண்டே பொறுமையாக விளக்கினான்.

"ஹெட் கேஸ்கெட் போயிருக்கு சார்."

"அது என்ஜின்தானே?"

"என்ஜின்தான் சார். ஆனா ஏன் போச்சுன்னா, ஓவர்ஹீட் ஆகியிருக்கு. ஏன் ஓவர்ஹீட் ஆச்சுன்னா, கூலன்ட் லீக். ஏன் லீக்குன்னா ஹோஸ் கிழிஞ்சிருக்கு. ஹோஸ் ரப்பர் சார். ரப்பர் கவர் ஆகாது. கவர் ஆகாத பார்ட்டால கவர் ஆகிற பார்ட் போனா, அதுவும் கவர் ஆகாது."

"கொதிச்சதும் நான் நிறுத்திட்டேனே?"

"டெம்பரேச்சர் முள் ஏறின உடனே நிறுத்தியிருக்கணும் சார். அப்புறமும் ஓடியிருந்தா டிரைவர் நெக்லிஜென்ஸ்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றார். அங்கே ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை என்பது அவருக்கு மனப்பாடம். பையன் சிரித்த முகத்தோடு ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினான். ஹோஸ் பற்றிய வரி தடித்த எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே சாரின் கையெழுத்து, வழக்கம்போல் தேதியோடு, இரண்டு புள்ளி வைத்து.

பதினொன்றாம் மாதத்தில்தான் மனிதர் அடியோடு மாறினார். கட்டிய 16,520 ரூபாய் வீணாகிவிடக் கூடாதே! அதுவரை ஸ்பீடு பிரேக்கரைக் கண்டால் வண்டியை வருடிக்கொண்டு ஏற்றியவர், இப்போது தடதடவென்று ஏற்றினார். கியர் மாற்றும்போது 'கறக்' என்று சத்தம் வந்தால் முகம் மலர்ந்தது. காலையில் பார்க்கிங்கில் என்ஜினை ஓடவிட்டு, பானெட் மேல் காதை வைத்துக்கொண்டு நிற்பார். வாக்கிங் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். வாரண்டி முடிவதற்குள் முழுப் பரிசோதனை வேண்டும் என்று சர்வீஸ் சென்டரில் கொண்டு போய் விட்டார். மாலையில் ரிப்போர்ட் வந்தது: முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டும், பேட்டரி வீக், பிரேக் பேட் கடைசிக் கட்டம், லிங்க் ராடு ஆட்டம். என்ஜினும் கியர்பாக்ஸும் பிரமாதம். சாருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

"ஏங்க, வண்டி நல்லா இருக்குன்னு சொன்னா சந்தோஷம்தானே படணும்?" என்றார் வீட்டம்மா.

அந்த அம்மாள் தனி ரகம். கார் வந்த மாதமே பேங்கில் மாதம் 1,500 ரூபாய்க்கு ஆர்.டி. போட்டுவிட்டார். வருஷத்துக்கு 18,000 அசல். அந்தப் பணம் ரப்பரையும் பார்க்கும், பேட்டரியையும் பார்க்கும். எதுவும் போகாவிட்டால் வளையலாகவும் ஆகும். ஓடிக் களைத்த சாதாரண கியர் வண்டிக்கு என் ஓட்டு இந்த அம்மாளுக்குத்தான். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ பார்ட் கிடைக்கும், தெருமுனை மெக்கானிக் மாட்டித் தருவார்.

வாரண்டி சாரின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள வண்டியாக இருந்து, அது ஒரு தடவை படுத்தால் பில் லட்சத்தைத் தாண்டும். எலெக்ட்ரானிக் பாகங்களையும் சேர்த்துக்கொள்ளும் பெரிய திட்டம் கிடைத்து, கிளைம் வரம்பும் தாராளமாக இருந்தால் கட்டணம் தகும். அதைவிட நல்லது, புது வண்டி வாங்கியவர் அப்போதே கம்பெனியில் எடுத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நீட்டிப்பு. அது பெரும்பாலும் அடுத்த ஓனருக்கு மாறிவிடும். ஆனால் ஒரு ஆயில் சர்வீஸ் தவறியிருந்தாலும் கதை கந்தல். ஆக சர்வீஸ் ரெக்கார்டை வரிக்கு வரி பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு நம் சாரை விட்டால் ஆள் கிடையாது. என்ன, அவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அதை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

வாரண்டி முடிகிற அன்று நீட்டிக்கப் போனார். லட்சம் கிலோமீட்டரை வண்டி தொடப் போகிறது, அதற்கு மேல் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"ஏம்பா, இனிமேதானே ரிப்பேர் வரும்?"

"அதனாலதான் சார்."

சார் அசரவில்லை. தரகர் மூலம் வேறு ஒரு இடத்தைப் பிடித்தார். அவர்கள் முதலில் வண்டியைப் பரிசோதித்துப் பார்ப்பார்களாம். அதற்கு 1,500 ரூபாய், திரும்பக் கிடையாது. தேறினால் வாரண்டி, தேறாவிட்டால் ரிப்போர்ட் மட்டும். சார் பணத்தைக் கட்டி ரசீது வாங்கினார், ஜெராக்ஸ் எடுத்தார், திரும்பி வந்து கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டார்:

"அந்த ரிப்போர்ட்டுக்கு எத்தனை மாசம்மா வாரண்டி?"