சால்வையும் சம்பளமும்

எங்கள் சந்துக்கு முனிசிபாலிட்டி என்றால் மூன்று பேர்தான்: தெருவிளக்குக்கு வருகிறவர், தண்ணி திறந்துவிடுகிறவர், விடிவதற்குள் கூட்டிவிட்டுப் போகிற அக்கா. 1866-இல் நகராட்சியான மதுரை, 1971 மே 1 அன்று மாநகராட்சி ஆனது. ஆனாலும் எழுபதுகளின் கடைசி வரைக்கும் எங்கள் கோரிப்பாளையத்துப் பெரிசுகள் வாயில் அது முனிசிபாலிட்டிதான். மேயர் பெயரைவிட, தண்ணி திறக்கிறவரின் மகளுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்பது எங்கள் பாட்டிக்கு நன்றாகத் தெரியும்.

ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி வைத்திருப்பார் தண்ணி திறக்கிறவர். தெருமுனைக் குழியின் மூடியைக் கம்பியால் நெம்பி, சாவியை உள்ளே இறக்கி, இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிச் சுற்றித் திருகுவார். குழாயடியில் முதலில் காற்று சீறும், அப்புறம் செம்மண் நிறத்தில் கொஞ்சம் வரும், பிறகுதான் தண்ணி. அதுவரைக்கும் குடங்களை ஒழுங்காக வரிசையில் வைக்கச் சொல்லி அதட்டிக்கொண்டு நிற்பார். பொங்கலுக்கு அவருக்கு வேட்டி துண்டு உண்டு. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி அவர் வீட்டுக்கென்று தனித் தூக்குவாளியில் போகும். தர்கா சந்தனக்கூடு முடிந்த மறுநாள் காலை தெருவைக் கூட்ட வந்தவர்களுக்கு டீயும் பன்னும் அரிசிக்கடை பாய் கணக்கு. சான்றிதழ் கிடையாது, மேடை கிடையாது. செய்ய வேண்டியதைத் தெருவே செய்தது.

இதை மட்டும் சொல்லி அந்தக் காலத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. வீடுகளுக்குப் பின்னால் இன்னொரு சந்து இருந்தது. எடுப்புக் கக்கூஸ்களின் சந்து. சுவரில் ஒரு சின்னத் தகரக் கதவு. அதைத் தூக்கி, கையில் தகரத்தோடு குனிந்து வழித்து, சாம்பல் தூவிய கூடையில் போட்டு ஒரு அம்மா சுமந்துகொண்டு போவார். அருந்ததியர் குடியிருப்பிலிருந்து வந்தவர். தண்ணி திறக்கிறவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிப்பார். இந்த அம்மாவுக்குத் தீபாவளிச் சேலை பின்வாசலில்தான். "இந்தா தாயி, பிடிச்சுக்க" என்று என் பாட்டி கை படாமல் மேலிருந்து போடுவார். பாசமும் இருந்தது, தீட்டும் இருந்தது. மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013-இல் இன்னொன்று.

இப்போது பாராட்டுக்குப் பஞ்சமில்லை. குடியரசு தினத்தன்று கொடியேற்றிவிட்டு ஊழியர்களுக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறார்கள். 2022 ஜூனில் தொடங்கிய தூய்மைக்கான மக்கள் இயக்கம் 'என் குப்பை, என் பொறுப்பு' என்றது. நல்ல வாசகம். குப்பையைப் பிரித்துக் கொடுக்கிற வீட்டைப் பாராட்டுவதும் நல்ல காரியமே. ஆனால் மதுரைக்குக் கிடைத்த பெயர்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. 2017-இல் மீனாட்சியம்மன் கோயில் நாட்டின் மிகத் தூய்மையான புகழ்மிக்க தலமாகத் தேர்வானது. அதே ஆண்டில்தான் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் வந்து, மலம் அள்ளுகிறவர்களின் முகங்களை நமக்குக் காட்டியது. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது தெருத்தெருவாகத் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டோம், சால்வை போர்த்தினோம், பூத் தூவினோம். இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் விஷவாயு தாக்கி மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். 2025 ஜூலையில் வெளியான தூய்மை நகரங்கள் பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் மதுரைக்குக் கடைசி இடம்.

கடைசி இடம் என்றதும் ஆளாளுக்குக் கோபப்பட்டோம். கூட்டுகிறவர்கள் சரியில்லை என்று டீக்கடையில் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. மேம்பால வேலை தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கம் மண்ணும் புழுதியும் நிற்காமல் சேர்கிறது. இப்போது எங்கள் தெருவுக்கு வருகிற அம்மா கையுறை கிழிந்த விரல்களில் பால் பாக்கெட் உறையைச் சுற்றிக்கொண்டு அதை அள்ளுகிறார். வேலை ஒப்பந்தத்தில். அவர் பெயர் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. மூன்று தலைமுறையாகக் கோயில், தர்கா, தேவர் சிலை, ஆற்றில் அழகர் இறங்குகிற கூட்டம் என்று இந்த ஊரின் எல்லா விழாக்களுக்குப் பிறகும் குனிந்து அள்ளியவர்கள் இவர்கள். அந்தக் காலத்தில் பெயர் தெரியும், பின்வாசலில் நிறுத்தினோம். இந்தக் காலத்தில் முன்வாசலில் நிறுத்திப் படம் எடுக்கிறோம், பெயர் கேட்பதில்லை. சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்று மட்டும் அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

கேட்பதற்கு இன்று ஒரு இடம் இருக்கிறது. தமிழக அரசு நவம்பர் 1-ஐ உள்ளாட்சிகள் தினமாக அறிவித்து, 2022-இல் அதே நாளில் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்களைத் தொடங்கியது. மதுரை நகராட்சி பிறந்ததும் ஒரு நவம்பர் 1-தான். சபைக்குக் கவுன்சிலர் வருவார், அதிகாரி வருவார், சாக்கடை, விளக்கு, தண்ணி என்று மனுக்கள் வரும். அந்தப் பகுதியில் வாழ்கிறவர்கள் தங்கள் குறையைச் சொல்ல ஏற்பட்ட சபை அது. தங்களுக்காக வேலை செய்கிறவர்களின் குறையையும் அங்கே சொல்லலாம், தடையேதும் இல்லை.

எங்கள் தெரு இந்தத் தடவை ஒரு மனு எழுதியிருக்கிறது. எங்கள் வார்டில் வேலை பார்க்கும் ஒப்பந்தப் பணியாளர்களின் சம்பளம் எத்தனாம் தேதி போடப்பட்டது, பி.எஃப். கட்டியாயிற்றா, கையுறையும் காலணியும் கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று மாதாமாதம் வார்டு அலுவலகப் பலகையில் எழுதிப் போட வேண்டும். பாராட்டு விழாவை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அந்த வரி வேண்டாம், கவுன்சிலருக்குச் சங்கடம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். இருக்கட்டும் என்று மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பழைய அரிசிக்கடையில் இப்போது பாயின் பேரன் உட்கார்ந்திருக்கிறான். மனு அவன் கல்லாப்பெட்டி மேல்தான் இருக்கிறது, வருகிறவர்களிடம் பேனாவையும் சேர்த்து நீட்டுகிறான்.