சிக்கனத்துக்குச் செய்யுற செலவு

வா எய்யா, இப்படித் திண்ணையில உக்காரு. நீ மாருதி எண்ணூறு வாங்குன சேதி எனக்கு மூணாவது ஆளு வாயிலதான் வந்துச்சு, அது கெடக்கட்டும். 2004 மாடலு, 60,000 ரூவாய்க்கு முடிச்சியாம். நல்லதுதான். ஆனா வண்டி வீட்டுக்கு வர்றதுக்கு முந்தியே ஒரு நோட்டைப் போட்டு, அதுல மாட்ட வேண்டிய சாமானை எல்லாம் எழுதி வச்சிருக்கியாமே? அலாய் வீலு, அகல டயரு, பின்னால றெக்கை, உறுமுற சைலன்சரு, பெட்ரோல் குழாய்க்கு ஒரு காந்தம். எதுக்குய்யான்னு கேட்டா, மைலேஜுக்குன்னு சொன்னியாம். எனக்கு வயிறு குளுந்து போச்சு. நம்ம குடும்பத்துல சிக்கனத்துக்குன்னு இம்புட்டுச் செலவு பண்ண ஒரு ஆளு பொறந்திருக்கானே!

அது என்ன வண்டின்னு தெரியும்ல? 1983 டிசம்பர்ல இந்திரா காந்தி அம்மா முதல் சாவியைக் குடுத்த வண்டி. அப்ப அதோட வெலை 50,000 ரூவாயை ஒட்டித்தான். 796 சிசி, 3 சிலிண்டரு, 37 குதிரை, 650 கிலோ பக்கம் எடை. ஜப்பான்ல சுசுகிக்காரன் ஒவ்வொரு தகடா எடை பாத்துச் செஞ்சான். 2014 சனவரியோட செய்யுறதையே நிறுத்திட்டாக. இத்தனை வருசத்துல அந்த இஞ்சினியருக்கெல்லாம் தோணாத ஒண்ணு, உனக்கும் உன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கும் ஒரு டீ குடிக்கிற நேரத்துல தோணிருச்சு பாரு. அதுதான் அறிவு.

சரி, கணக்குப் போடுவோம். மாசம் 500 கிலோமீட்டர் ஓட்டுவியா? இப்ப லிட்டருக்கு 16 குடுக்குதுன்னு வையி. 31 லிட்டர் செல்லும். உன் வித்தை பூராவும் பலிச்சு 18 ஆயிருச்சுன்னே வச்சுக்குவோம். 28 லிட்டருக்குள்ள முடியும். மிச்சம் மூணரை லிட்டர். லிட்டர் 100 ரூவான்னா மாசம் 350 ரூவா லாவம். நோட்டுல நீ எழுதியிருக்க செலவு 20,000. போட்ட காசு திரும்ப 4 வருசம் 9 மாசம் ஆகும். அதுக்குள்ள ஆர்.சி. புதுப்பிக்கிற நாளும் வந்து நிக்கும். அதுவும் எல்லாம் பலிச்சாத்தான். பலிக்குமான்னு இப்பப் பாப்போம்.

முதல்ல வீலு. கம்பெனி குடுத்தது 12 அங்குலம், ஒல்லி டயரு. நீ 13 அங்குலத்துல தடிச்சதா மாட்டணுங்கிறே. பேஷா மாட்டு. அகலம் கூடுனா தரையில உரசல் கூடும், கனம் கூடுனா ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அதையும் உருட்டியாகணும். ஒரு வேடிக்கை என்னன்னா, டயரோட சுத்தளவு கூடிட்டா மீட்டர் கிலோமீட்டரைக் குறைச்சுக் காட்டும். மைலேஜ் இன்னும் மோசமாத் தெரியும். நீ இன்னொரு சாமான் வாங்க ஓடுவே. இதுக்கு எதிர் வழியும் இருக்கு. தேஞ்ச மொட்டை டயர்ல மீட்டர் கூடக் காட்டும். டீக்கடையில லிட்டருக்கு 25 குடுக்குதுன்னு அடிச்சுவிடுறானே ஒருத்தன், அவன் டயரை ஒருக்காத் தடவிப் பாரு.

பின்னால றெக்கை வைக்கிறது கோவணத்துக்குச் சரிகைக் கரை போட்ட கதைதான். மேல கேரியர் வேற, அதுல நாலு லைட்டு வேற. எல்லாம் காத்தைப் பிடிச்சு இழுக்கும். காத்து சும்மா வந்து மோதலை, உன் பெட்ரோல்லதான் மோதுது.

காந்தத்துக்கு வாரேன். பெட்ரோல்ல இருக்க அணுவையெல்லாம் அது வரிசையா நிப்பாட்டுமாம்ல? பெட்ரோல்ல காந்தம் பிடிக்க எதுவும் கிடையாது. அமெரிக்காவுல சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சின்னு ஒண்ணு இருக்கு. எண்ணெய் மிச்சம் பிடிக்கிற கருவின்னு வந்ததுல 100க்கு மேல வாங்கி அவுக சோதிச்சாக. குறிப்பிடும்படியா மைலேஜைக் கூட்டுனது ஒண்ணும் கெடைக்கலை. அதனால உன் காந்தத்தை வீணாக்காதே. ஆச்சிகிட்டக் குடு, தையல் ஊசி காணாமப் போனா தேட வசதியா இருக்கும். அந்துருண்டையை டேங்குல போட்டா ஓட்டம் கூடும்னு ஒருத்தன் சொன்னானாம். அதையும் ஆச்சிகிட்டயே குடு, பீரோவுக்கு ஆகும். அடுப்பு சிலிண்டரை டிக்கியில வச்சு ஓட்டலாம்னு எவனாவது சொன்னா மட்டும் எனக்குச் சிரிக்கத் தோணாது. அந்தப் பக்கமே போகாதே. முறைப்படி கேஸ் கிட்டு மாட்டி ஆர்.சி.யில ஏத்துறது வேற சோலி. வண்டியை இஷ்டத்துக்கு மாத்துறதை மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு தடுக்குது. 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிருச்சு. உறுமுற சைலன்சரைப் போட்டுட்டு ரோட்டுல போறவரைக்கும் போ, நிப்பாட்டச் சொல்றவரு மைலேஜைப் பத்திக் கேக்க மாட்டாரு.

இனிமே காசில்லாத வைத்தியம் சொல்றேன். காசில்லைங்கிறதால உனக்குப் பிடிக்காது, இருந்தாலும் கேளு.

வண்டியைச் சம தரையில நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டு நியூட்ரல்ல ஒத்தையாத் தள்ளிப் பாரு. 650 கிலோ வண்டி உனக்கு நகரணும். நகரலைன்னா எங்கேயோ பிரேக் பிடிச்சுக்கிட்டு நிக்கிதுன்னு அர்த்தம். ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் கையால சுத்திப் பாரு. பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து ஒவ்வொரு வீல் பக்கமும் சூதானமாக் கையைக் கொண்டு போ. ஒண்ணு மட்டும் கொதிச்சா அங்கதான் உன் பெட்ரோல் எரியுது. பழைய வண்டியில முக்காவாசி மைலேஜ் இங்கதான் செத்துக் கெடக்கும். கேலிப்பரைக் கழட்டிச் சுத்தம் பண்ண ஒரு மெக்கானிக்கு எம்புட்டுக் கேப்பாரு? உன் றெக்கை வெலையில பாதி வராது.

அடுத்து தெர்மோஸ்டாட். நம்ம ஊரு மெக்கானிக்குக ஒரு பழக்கம் வச்சிருக்காக. வண்டி சூடாகுதுன்னு போனா, ரேடியேட்டரைப் பாக்க மாட்டாக, ஃபேனைப் பாக்க மாட்டாக. தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூர வீசிட்டு, "நம்ம வெயிலுக்கு இது எதுக்குண்ணே"ம்பாக. அது 80 டிகிரி வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாமப் பிடிச்சு, இஞ்சினைச் சீக்கிரம் சூடாக்குற சாமான். அது இல்லாட்டி இஞ்சின் குளுந்தே ஓடும். உன்னோடது இன்ஜெக்சன் வண்டி. இன்னும் சூடேறலைன்னு நெனைச்சுக்கிட்டு அது பெட்ரோலைக் கூடவே பீச்சும். முன்னாடி கிரில்லை அட்டை வச்சு மறைச்சா மைலேஜ் கூடும்னு நீ எங்கேயோ பாத்திருப்பே. பனி பெய்யுற தேசத்துக்காரன் செய்யுறது அது. சித்திரை வெயில்ல கரிசக்காட்டு ரோட்டுல அதைச் செஞ்சின்னா, இஞ்சின் ஹெட்டோட கேஸ்கெட் உன்கிட்டப் பேசும். உன் வண்டியில தெர்மோஸ்டாட் இருக்கான்னு பாத்து, இல்லைன்னா புதுசா ஒண்ணு மாட்டு, போதும்.

டயருக்குக் காத்து, காலையில வண்டி ஓடாம இருக்கும்போது பாக்கணும். எம்புட்டுன்னு கம்பெனிப் புத்தகத்துல இருக்கு. பக்கத்து வீட்டு லாரிக்காரர்கிட்டக் கேக்காதே. டிக்கியில கெடக்க குப்பையை எறக்கு. ஸ்டெப்னியை மட்டும் எறக்கிராதே, எடையைக் குறைச்சேன்னு நடுக்காட்டுல நிப்பே. நீயே 92 கிலோ இருக்கே, அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. பெட்ரோல்ல இப்ப 20 விழுக்காடு எத்தனால் கலக்குறாக. அதுல இருக்க சத்து பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்குதான். அதனால கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதுக்கு வண்டியைத் திட்டாதே. பழைய ரப்பர் குழாய் ஊறி வெடிக்குதா, பெட்ரோல் வாடை அடிக்குதான்னு மட்டும் மோந்துக்கிட்டே இரு.

மிச்சமெல்லாம் உன் வலது காலுலதான் இருக்கு. 60ல போறவன் 90ல போனா, காத்து பிடிச்சு இழுக்குறது ரெண்டே கால் மடங்கு. நாலு கியர் வண்டி அது. நாலுவழிச் சாலையில 90ஐத் தாண்டுனா இஞ்சின் கத்துற கத்துல நீ போட்ட பாட்டே கேக்காது. தூரத்துல செவப்பு விளக்கைப் பாத்ததும் காலை எடுத்துரு. கியர்லயே உருள விட்டா இன்ஜெக்சன் வண்டி பெட்ரோல் பீச்சுறதையே நிறுத்திரும். இதைத் தெரியாமத்தான் புளியரை இறக்கத்துல சாவியைத் திருப்பிட்டு உருட்டுறானுக. இஞ்சின் நின்னுட்டா பிரேக்குக்கு உதவுற வேக்குவம் நாலு மிதியில தீந்து போகும். அப்புறம் மிச்சம் பிடிச்ச பெட்ரோலை வச்சு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

மைலேஜ் எம்புட்டுன்னு பாக்குறதுலயும் ஒரு முறை இருக்கு. 200 ரூவாய்க்குப் போட்டு, முள்ளு எறங்குறதைப் பாத்துச் சொல்றதெல்லாம் சோசியம். ஒரே பங்க்குல, ஒரே பம்புல, டேங்கை நெப்பி, ஓட்டி, திரும்ப நெப்பிப் பாக்கணும். போக மட்டும் பாத்தாலும் தப்பு. ஆனி ஆடியில இங்க மேகாத்து அடிக்கிறது உனக்குத் தெரியும். கயத்தாறுல காத்தாலைக்காரனுக சும்மாவா நட்டு வச்சிருக்கானுக? கோவில்பட்டியில இருந்து சங்கரன்கோயிலுக்குப் போகையில காத்து மூஞ்சியில அடிக்கும், திரும்பி வரையில முதுகுல தள்ளும். ரெண்டையும் கூட்டிப் பாத்தாத்தான் நெசம் தெரியும்.

அந்தச் சங்கரன்கோயில்ல ஆடித்தபசும் வருது. எனக்கும் கோமதி அம்மனைப் பாக்கணும்னு ஒரு வேண்டுதல் கெடக்கு; ஆச்சிக்கும் கெடக்கு. ரெண்டு பேரும் சேந்தாலும் உன் எடைக்கு மேல கொஞ்சந்தான் வருவோம். நீ 60ல ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து கிலோமீட்டரைக் குறிச்சுக்கிட்டு வாரேன். பெட்ரோல் காசு யாருதுன்னா கேக்குறே? சோதனை யாருதோ, காசும் அவுகளுதுதான்.